கப்பலேறாத முதுகுவலி

1967 மே 8, திங்கள். காலையில் துரை எழுந்திருக்கவில்லை. முன்கால்களை ஊன்றினான். பின்பகுதி வரவில்லை. குரல் எழுப்பவில்லை.

மே 9, செவ்வாய். கால்நடை உதவியாளர் வந்து பார்த்தார். காயம் இல்லை. வீக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. காரணம் தெரியவில்லை.

மே 12, வெள்ளி. முதுகைத் தொட்டால் தோல் துடிக்கிறது. உணவு உண்டான். மழை.

மே 16, செவ்வாய். துரை கப்பலில் பயணம் செய்ய அனுமதி கிடைத்தது.

மே 17, புதன். காலையில் அரசுக் குடியிருப்பின் சாவியை ஒப்படைத்தேன். மாலையில் கப்பல் புறப்பட்டது. என் மூன்று பெட்டிகள் அதில் சென்றன. துரை செல்லவில்லை. நானும் செல்லவில்லை.

மேற்கண்ட குறிப்பில் பிழை எதுவும் இல்லை. பிழைகள் அனைத்தும் குறிப்பை எழுதியவரிடம் உள்ளன.

சென்ற வாரம் இந்தத் தாளின் இதே பத்தியில் உங்களிடம் விடைபெற்றேன் – நினைவிருக்கும். சற்று உரக்கவே விடைபெற்றேன். கடல், கரை, காலம் ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கியிருந்தேன். படித்துவிட்டுத் தமிழாசிரியர் ஒருவர் கண் கலங்கினாராம். சைக்ளோஸ்டைல் மை உலர்வதற்குள் இதோ மீண்டும் வந்து நிற்கிறேன். கலங்கிய கண்களுக்கு என்ன பதில் சொல்வது?

"போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போகாம இருக்கிறது நம்ம ஊர் மழைக்குத்தான் சார் பொருந்தும்," என்றார் இந்தத் தாளின் ஆசிரியர். ஆனாலும் இடம் கொடுத்தார். என் இடத்தில் எழுத வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

புதிய வாசகர்களுக்குத் துரையை அறிமுகப்படுத்த வேண்டும். என் மனைவியின் நாய். அல்சேஷன். மரக்கம்பெனி எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கையில் அடங்கினான் என்பதற்காக வாங்கிக்கொண்டோம். பத்து ஆண்டுகளில் அரிசி மூட்டையின் பருமனை எட்டினான். அவனை 'அது' என்று குறிப்பிடுவது எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டிருந்தது. தடை விதித்தவர் இப்போது இல்லை. தடை இருக்கிறது.

நான் தர்க்கவியலில் எம்.ஏ. போதாதென்று தத்துவத்திலும் ஒன்று. 'ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு காரணம் உண்டு' என்று முதலில் மெயின்லேண்டில் ஒரு கல்லூரியிலும், பிறகு இங்கே அந்தமானில் அரசுப் பள்ளியிலும் பணி ஓய்வு வரை கற்பித்தவன். அப்படிப்பட்டவனின் கண்ணெதிரில் ஒரு முதுகு, காரணமே இல்லாமல் வலிக்கலாமா?

முறைப்படி தொடங்கினேன். ஈரத் தரையா? கோணிகளை விரித்தேன். படிக்கட்டா? எங்கள் குடியிருப்பு மரக்கால்கள் மீது நிற்கும் பலகை வீடு. படிகளின் மேல் சாய்வுப் பலகை அடித்தேன். துரை அந்தப் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அதை ஒட்டி மிச்சமிருந்த படிகளில் இறங்கினான். குனிந்து உண்பதால் வலியா? உணவுத் தட்டை உயர்த்தி வைக்க, தர்க்கவியல் நூல்கள் நான்கைக் கீழே அடுக்கினேன். அவை ஒருவருடைய சுமையைக் குறைத்தது அதுவே முதல் முறை.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், அதன் விளைவைக் கவனித்தல் – இதுவே என் திட்டம். ஆனால் போர்ட் பிளேயரில் தனியாக ஒரு சோதனை செய்ய முடியுமா? காலையில் மலையாளி ஓவர்சியர் 'குழம்பு' என்று அவர்கள் சொல்லும் ஆயுர்வேதத் தைலத்துடன் வந்தார். நண்பகலில் தெலுங்குக் கான்ட்ராக்டர் வேப்பெண்ணெயும் ஒரு தாயத்தும் கொண்டுவந்தார். மாலையில் வங்காளிக் கம்பவுண்டர் ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டைகளை நீட்டினார். இடையில் நம்மவர் ஒருவர் கடல்மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். தைலத்தைத் துரை நக்கிவிட்டான். தாயத்தையும் தின்றிருப்பான், கயிறு தடுத்தது.

அன்று மாலை அவன் தானாக எழுந்து வேலி வரை நடந்தான்.

நான்கு மொழிகளிலும் வெற்றி கொண்டாடப்பட்டது. மறுநாள் காலை மீண்டும் எழவில்லை. அதற்கு எந்த மொழியும் பொறுப்பேற்கவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். கடந்த ஓராண்டாக என்னைக் கண்டதும் சாலையின் மறுபக்கத்துக்குச் சென்றவர்கள் பலர். குறை சொல்லவில்லை. என்னிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டால் என்ன பதில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. இப்போது அவர்களே தேடி வந்து, "மாஸ்டர்ஜி, கமர் கைசா ஹை?" என்று விசாரித்தார்கள். இடுப்பு எப்படி இருக்கிறது என்பது விடையளிக்கக்கூடிய வினா. அரை மணி நேரம் விடையளித்தேன்.

எழுப்புவதுதான் பெரும்பாடு. "துரை, எழுந்திரு. சற்று முயற்சி செய்," என்பேன். அவன் கண்ணை மட்டும் உருட்டுவான்.

பக்கத்து வீட்டு பிலோமினா வேலிக்கு அப்பால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த குடும்பம். கணவர் அந்தோணி ஜெட்டியில் கிரேன் ஓட்டுகிறார்.

"சார், நீங்க என்ன, ஆண்டு விழாவுல பேசுறீங்களா? இப்பிடிச் சொன்னா எவன் எந்திரிப்பான்? அக்கா எப்பிடிக் கூப்பிடுவாவ?"

என் மனைவி கூப்பிடும் விதம் எனக்குத் தெரியும். பிலோமினாவே சொன்னாள்: "எந்திரிலே மூதி! வெயிலு முதுகுல அடிக்குதுல்லா!"

துரை பாதி எழுந்துவிட்டான்.

அன்று இரவு உணவுக்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். துரை தலையைத் தூக்கினான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். மீண்டும் படுத்துக்கொண்டான். உச்சரிப்பு தேறவில்லை.

ஆகவே வேட்டிக்கு மாறினேன். பழைய வேட்டி ஒன்றை மடித்து அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்பாரத்தை நான் தாங்கலாம். காலையும் மாலையும் மின்னி பே சாலையில் அப்படியே நடந்தோம். "சார், யார் யாரைக் கூட்டிட்டுப் போறா?" என்று அந்தோணி கேட்டார். ஒரு வாரத்தில் என் முதுகும் வலிக்கத் தொடங்கியது. அதற்குக் காரணம் தெரியும் என்பதில் ஒரு திருப்தி.

இதற்கிடையே சென்னையிலிருந்து மகனின் தந்தி வந்தது. 'இந்தக் கப்பலில் வரவும். நாயை விட்டு வரவும்.' அவன் வீடு மாடியில். அவன் மீது தவறில்லை. ஓய்வு பெற்ற எனக்கும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய கெடு முடிந்துகொண்டிருந்தது. துரையை யாரிடம் விடுவது? படுத்துக் கிடக்கும் பெரிய நாயை யார் ஏற்பார்கள்? வனத்துறை நண்பர் ஒருவர் மெதுவாக, "துப்பாக்கி இருக்கு சார்... ஒரு நொடிதான்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

கால்நடை உதவியாளர் சக்ரவர்த்திதான் தீர்வு சொன்னார். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் பழகிய கைகளால் துரையின் முதுகெலும்பை மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர் சாப், மெயின்லேண்ட் லே ஜாயியே. சப் டீக் ஹோ ஜாயேகா."

மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள், எல்லாம் சரியாகிவிடும். நம் தீவின் முதல் மந்திரம் இது. பல் வலியா? மெயின்லேண்ட். வரன் அமையவில்லையா? மெயின்லேண்ட். ரேடியோ கரகரக்கிறதா? அதுவும் மெயின்லேண்ட். நமக்கு விளங்காத எதையும் நாம் கப்பலேற்றுகிறோம். கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் பாதி குணமாகிவிட்டதாக நம்புகிறோம். நம்மைத் தவிர வேறு எவருக்கும் இந்த நோய் வராது. அது வர, நடுவில் இவ்வளவு கடல் வேண்டும்.

சென்ற ஆண்டு இதே மழைத் தொடக்கத்தில், இதே மந்திரத்தைக் கேட்டு, என் மனைவியை அழைத்துச் சென்றேன். ஜெட்டி வரை ஜீப்பில் துரையும் வந்தான். இருவர் ஏறினோம். பிறகு ஒரு நாள் ஒருவன் இறங்கினேன். இது குறித்து மேலும் எழுதுவதற்கில்லை.

ஆனாலும் சக்ரவர்த்தி சொன்னதும் என்ன செய்தேன்? தலையாட்டினேன். இரண்டு எம்.ஏ.!

கப்பல் அலுவலகம் இரண்டு சான்றிதழ்கள் கேட்டது. விலங்கு முழு உடல்நலத்துடன் பயணத்துக்குத் தகுதியாக உள்ளது என்று ஒன்று. நோயின் காரணமாக அதை உடனே மெயின்லேண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது என்று மற்றொன்று. சக்ரவர்த்தி ஒரே பேனாவால் இரண்டிலும் கையெழுத்திட்டார். ஒன்று இருக்கும்போது அதன் மறுப்பும் இருக்க முடியாது என்பது தர்க்கத்தின் அடிப்படை விதி. வாழ்நாளெல்லாம் அதைக் கற்பித்தவன், அதன் இரு பாதிகளையும் ஒரே சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன்.

பெட்டிகள் ஏறிவிட்டன. துரை ஏணியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வேட்டி உதவவில்லை. பின்னால் பயணிகள் முட்டினார்கள்.

அந்தோணி கிரேனிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், விடுங்க, வலையில தூக்கிருவோம். மாடே கம்முனு ஏறுது, இவன் என்ன மாட்டை விடப் பெரிய ஆளா?"

"முதுகுக்கு எதுவும் ஆகிவிடாதே?"

"பூ மாதிரி வெப்பேன் சார். அக்கா வளத்த புள்ள."

சரக்கு வலையை விரித்துக் கோணி போட்டார்கள். துரையை நடுவில் கிடத்தினோம். வலையின் நான்கு மூலைகளும் மெல்ல மேலே எழுந்தன. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலியில் முனகினால் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

முனகவில்லை.

தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் எழும்பியதும் கப்பலின் மேல்தளம் அவனுக்குத் தெரிந்தது. கைப்பிடிக் கம்பியோரம் புடவையணிந்த பெண்கள் சிலர் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். துரையின் காதுகள் நிமிர்ந்தன. பத்து நாட்களாக யாராலும் நிமிர்த்த முடியாத பின்பகுதியை அவனே நிமிர்த்தினான். ஆடும் வலைக்குள் நான்கு கால்களிலும் எழுந்து நின்றான். ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தான். வாலை ஆட்டினான்.

"பாத்தீங்களா சார்! பயலுக்குக் கப்பல் புடிச்சிருக்கு!" என்று அந்தோணி கூவினார்.

அவன் வலியைத் தாங்கிக்கொள்ள நான் ஆயத்தமாக இருந்தேன். அவன் மகிழ்ச்சிக்கு ஆயத்தமாக இல்லை.

"இறக்குங்கள், அந்தோணி."

"என்ன சார்?"

"இறக்கிவிடுங்கள்."

கப்பல் அதிகாரி காரணம் கேட்டார். முதுகுவலி என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

பெட்டிகளைத் திரும்ப இறக்க நேரமில்லை என்றார்கள். ஆகவே என் சட்டைகள், புத்தகங்கள், பொய்ப்பல் கிண்ணம் உட்பட ஒரு கல்விமானின் உடைமைகள் யாவும் சென்னை சென்று சேரும். மகன் துறைமுகத்தில் அவற்றை எதிர்கொள்வான். அப்பா வரவில்லை, அப்பாவின் வேட்டிகள் வந்திருக்கின்றன.

இப்போது பிலோமினா வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். வாடகை பற்றிப் பேச்செடுத்தேன். "அக்கா இருந்தா இப்பிடிக் கேப்பாவளா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டாள். நான் அணிந்திருப்பது அந்தோணியின் சட்டை. அதற்குள் என்னைப் போல் இன்னொருவருக்கும் இடமுண்டு.

துரையின் முதுகுவலி அப்படியேதான் உள்ளது. சில காலைகளில் எழுகிறான். சில காலைகளில் எழுவதில்லை. எழாத நாட்களில் மணல் ஒத்தடம், வேட்டி, சக்ரவர்த்தியின் மாத்திரை. காரணம் இன்னும் தெரியாது. தேடுவதை நிறுத்திவிட்டேன். காரணம் தெரியாமலே ஒத்தடம் கொடுக்கலாம் என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை. சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் என் கையில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை, இதுவரை செய்யாதவை:

மகனுக்கு எழுதுவது. 'கடிதம் விரிவாகப் பின்னர்' என்று தந்தி மட்டும் போயிருக்கிறது.

பென்ஷன் அலுவலகத்துக்குப் புதிய முகவரியைத் தெரிவிப்பது. முகவரியில் 'பிலோமினா வீட்டுப் பின்னறை' என்று எழுதலாமா எனக் கேட்பது.

எனக்கென்று ஒரு சட்டை தைக்கக் கொடுப்பது.

அவள் அந்தக் கப்பலிலும் இல்லை, வரப்போகும் எந்தக் கப்பலிலும் இல்லை என்று துரையிடம் சொல்வது. வாசகம் இன்னும் அமையவில்லை.