சனிக்கிழமைத் தண்ணீர்

சாலை போடும் நீராவி உருளையின் கொதிகலனுக்குள், நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டில், கட்டைவிரல் பருமனுக்கு ஓர் ஈய ஆணி திருகப்பட்டிருக்கும். தகட்டின் மேல் தண்ணீர் நிற்கும்வரை ஆணிக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் இறங்கித் தகடு காய்ந்தால் முதலில் ஈயம் உருகும். அந்தத் துளை வழியாக நீராவி பாய்ந்து நெருப்பை அணைக்கும். கொதிகலன் வெடித்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் வேலையில் அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. ஆணி உருகினால் டிரைவர் தண்ணீரைக் கவனிக்கவில்லை என்று பொருள். வேறு சாட்சி கேட்கமாட்டார்கள்.

மலைமேல் அணை வேலை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கூடலூருக்குச் சாமான் ஏற்றிப்போன மாட்டுவண்டிகள் பள்ளத்தாக்குச் சாலைகளைப் புழுதியாக்கியிருந்தன. கப்பிக்கல் பரப்பி இறுக்குவதற்காக ஓர் உருளையைக் கொண்டுவந்தார்கள். நான் அதற்கு ரைட்டர். எத்தனை கெஜம் இறுகியது, எத்தனை கட்டு விறகு எரிந்தது, எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினார்கள் என்று தினப்புத்தகத்தில் எழுதுவது என் வேலை. ஆடி பிறந்தபோது சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் சாலையில் இருந்தோம். ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரன் கோயிலுக்கு அந்தச் சாலையில்தான் சனம் திரளும்.

முதல் சனிக்கிழமை பிற்பகலில் ஆணி உருகியது. அந்நேரம் நான் இருநூறு அடி தள்ளித் தண்ணீர்ப் பந்தலில் பானகம் குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம், நிற்காமல் நீண்டது. நான் ஓடிவந்தபோது இஞ்சினைச் சுற்றி வெள்ளைப் புகை. கோயிலுக்கு வந்தவர்கள் வயலுக்குள் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் படியைப் பிடித்தபடி நின்றிருந்தார். தலையெல்லாம் சாம்பல்.

"கண்ணாடியில தண்ணி இருந்துச்சு ரைட்டரய்யா. முக்காலுக்கு நின்னுச்சு" என்றார்.

மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். காலியாக இருந்தது. புத்தகத்தில் எழுதினேன்: 'கொதிகலனில் தண்ணீர் குறைய விட்டதால் ஈய ஆணி உருகியது.' அந்த வாக்கியத்தில் யார் விட்டது என்று இல்லை. வண்டியில் இருந்தது ஒருவர்தான்.

நகல் பெரியகுளத்தில் இருந்த எஞ்சினீயர் ஆபீசுக்குப் போயிற்று. வியாழக்கிழமை எஞ்சினீயரிடமிருந்து பதில் வந்தது. இன்னொரு தடவை ஆணி உருகினால் அந்த ஆளை நீக்கிவிட வேண்டும். வரும் திங்கட்கிழமை காலை தாமே வந்து பார்ப்பார். டிரைவருக்கு எழுத்து தெரியாது. உத்தரவை மட்டும் வாசித்துச் சொன்னேன். அதற்குக் காரணமான என் வரியை வாசிக்கவில்லை. கோயில்காரர்கள் யாரோ புகார் எழுதிவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உத்தமபாளையத்துக்குத் தெற்கே கிறிஸ்தவர்கள் வாழும் ஒரு வேதக்கார ஊர். மதுரை ரயில் கொட்டகையில் கரி தள்ளித் தொழில் கற்றவர். ஊரில் நிலம் இல்லை. மூன்று பெண்கள் இருந்தார்கள். ஆணியை உருக்கியவன் என்று பெயர் வந்தால் ரயிலிலோ மில்லிலோ எந்தக் கொதிகலன் பக்கமும் அவரை விடமாட்டார்கள். கைவசம் இருந்த ஒரே மாற்று ஆணியையும் அவர் போட்டாயிற்று.

அடுத்த சனிக்கிழமை நான் பந்தலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து கண்ணாடிக் குழாயின் முன்னால் நின்றேன். எள் விளக்குகளோடும் ஈரத் துணிகளோடும் ஆட்கள் கை எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று புகையை எங்கள் முகத்திலேயே அடித்தது. கல் பரப்புகிறவன் ஒருவன் வம்புக்கு இழுத்தான்.

"சனிக்கிழமையில வேதக்காரவுக வண்டி ஓட்டுனா சனி சும்மா விடுமா?"

"ஞாயித்துக்கெழமை ஓட்டுனா எங்க சாமியார் சும்மா விடமாட்டாக. நான் என்னிக்குத்தான் ஓட்டுறது?" என்றார் டிரைவர். ஆனால் அவர் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

நண்பகல்வரை மட்டம் பாதியில் நின்றது. மூன்று மணி வாக்கில் அது ஏறியது. அந்த நேரத்தில் ஒரு குடம்கூட ஊற்றவில்லை. ஊற்றாமலே தண்ணீர் ஏறுவதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். பிறகு நடுங்கியது, சரிந்தது, மறுபடி முக்காலுக்கு எழும்பியது. டிரைவர் கீழே, மட்டத்தைச் சரிபார்க்க வைத்திருந்த சோதனைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் பீறிட வேண்டிய இடத்தில் அது வெறும் ஆவியையும் வெள்ளை நுரையையும் துப்பியது.

"கண்ணாடி பொய் சொல்லுது" என்றார் மெதுவாக. பிறகு கத்தினார்: "ரைட்டரய்யா, கூட்டத்த அங்கிட்டு விரட்டுங்க!"

நான் கத்தினேன். எதற்குக் கத்துகிறார்கள் என்று பார்க்கக் கூட்டம் இன்னும் கிட்டே வந்தது. டிரைவர் இரும்புக் கொக்கியால் நெருப்பை வெளியே வாரி இழுக்கத் தொடங்கினார். கங்கு அவர் காலருகே விழுந்தது. எங்களுக்குத் தண்ணீர் சுமந்த உள்ளூர் அம்மாள் ஒருத்தி குடத்தைச் சாய்க்கக் கையைத் தூக்கிவிட்டாள்.

"ஊத்தாத ஆத்தா! காஞ்ச தகட்டுல பட்டா எல்லாரும் போயிருவோம். மண்ணப் போடு, மண்ண!"

அவள் குடத்தை வைத்துவிட்டுச் சாலையோரச் சரளையை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். நானும் போட்டேன். பிறகு மூன்று பேரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றோம். வரவில்லை. ஆணி தப்பியது. டிரைவர் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சக்கரத்தில் சாய்ந்தார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். சூட்டோடு திறந்தால் தகடு விரிசல் விடும். தானாக ஆற வேண்டும். ஞாயிறு காலைவரை ஒன்றும் செய்வதற்கில்லை. திங்கள் காலை எஞ்சினீயர் வருகிறார். நடுவில் இருந்தது ஒரே பகல். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக டிரைவர் அந்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

அடியில் இருந்த குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தார். அரிசி கழுவிய நீர் போல வந்தது. பிறகு கை நுழையும் அளவில் இருந்த மூடிகளைக் கழற்றினார்.

"சுண்ணாம்புதான் பிடிச்சிருக்கும். எந்தத் தண்ணியில ஓட்டுனாலும் அப்படித்தான். செரண்டி விட்டாப் போச்சு" என்று தோள்வரை கையை விட்டார். அவர் முகம் மாறியது. கையை வெளியே எடுத்தார். சுண்ணாம்பு இல்லை. முழங்கைவரை கறுப்பாக, வழவழவென்று பளபளத்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

எண்ணெய். அச்சுகளுக்கு நாங்கள் போட்டது விளக்கெண்ணெய். இந்த வாசனை வேறு. குற்றத்தை மறைக்க இவரே எதையோ ஊற்றியிருப்பாரோ என்று அரை நிமிடம் எனக்குச் சந்தேகம் வந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

தண்ணீர்க்கார அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே தம்பி, நல்லெண்ணெயில்ல இது! இஞ்சினுக்குத் தலைக்கு ஊத்தி விட்டிருக்கியே!"

"நான் எங்க ஆத்தா ஊத்துனேன்?"

"நான்தான் ஊத்தியிருக்கேன். சனிக்கெழமைன்னா அம்புட்டுச் சனமும் எண்ணெய் தேச்சுக்கிட்டு வாய்க்கால்லதான உக்காருது. அரப்பப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் குளிக்கிறாக. நான் அதுக்குக் கீழ்ப்பக்கம் மோந்துக்கிட்டு வாரேன். அன்னிக்கு மட்டும் குடம் வழுக்கிக் கைல நிக்காது. மண்ணத் தொட்டுக்கிட்டுத்தான் தூக்குவேன்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"யாரு கேட்டாக? நீங்க குடத்த எண்ணுனீக. எத்தனைன்னு கேட்டீக, சொன்னேன்."

டிரைவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் போகத் தேய்த்த அரப்புப் பொடி நுரைத்துக் கண்ணாடியில் தண்ணீர் இருப்பது போல ஏறியிருக்கிறது. எண்ணெய் தகட்டில் படிந்து, இருந்த தண்ணீரையும் ஒட்டவிடாமல் செய்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் வந்திருக்கின்றன. சனியின் வேலை என்று சொன்னவர்களும் கிழமையைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

ரயில் கொட்டகையில் எண்ணெய் இறங்கிவிட்டால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க விடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை குச்சனூரில் சோடாவுக்கு எங்கே போவது?

"வெள்ளாவிக்கு உவர்மண்ணு வச்சிருப்பாகள்ல" என்றாள் அம்மாள். "எண்ணெய்ச் சீலையே வெளுக்குது. ஒன் இரும்பு வெளுக்காதா?"

சலவைக்காரர் வீட்டிலிருந்து இரண்டு கூடை உவர்மண் வந்தது. தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, டிரைவரின் வேட்டியில் வடிகட்டி உள்ளே ஊற்றினோம். ஆவி சேராமல் மேல்மூடியைத் திறந்து வைத்து, சிறு நெருப்பில் மூன்று மணி நேரம் கொதிக்க விட்டார். அடியில் இருந்த குழாயைத் திறந்தபோது பழுப்பு நுரை சாலையோரப் பள்ளத்தை நிறைத்தது. இன்னும் ஆற வேண்டும். பிறகு அலச வேண்டும். அலசும் தண்ணீர் எல்லாரும் குளிக்கும் வாய்க்கால் படித்துறைக்கு மேலே, அரை மைல் தள்ளி எடுக்கப்பட்டது. நானும் குடம் சுமந்தேன், அன்று எண்ணவில்லை. ஒவ்வொரு அலசலுக்கும் அவர் கையை விட்டுத் தகட்டைத் தேய்த்துப் பார்த்தார். ஆறாவது தடவை, எண்ணெய் போன தகட்டில் விரல் கிரீச்சென்றது. அந்தச் சத்தத்தை அவர் மூன்று முறை எழுப்பிக் கேட்டார்.

மூடிகளைச் சணல் வைத்து இறுக்கிப் புதுத் தண்ணீர் நிரப்பியபோது ஒரு மூடியில் சொட்டியது. கழற்றி மறுபடி இறுக்கினார். பொழுது இறங்கிவிட்டது. நெருப்பு மூட்டினால் நுரைக்குமா நுரைக்காதா என்பது எஞ்சினீயர் முன்னால்தான் தெரியும்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். மையைச் சுரண்டி எடுக்க ஒரு சிறு கத்தி வைத்திருந்தேன். முதல் சனிக்கிழமை வரியின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். நகல் பெரியகுளத்தில் இருக்கிறது, சுரண்டிப் பயனில்லை. அந்த நகல் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதன் கீழே எழுதினேன்: 'மேற்கண்டதை நான் பார்த்து எழுதவில்லை. தண்ணீர் குறைந்தது ஓட்டுகிறவரின் கவனக்குறைவால் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. படித்துறைக்குக் கீழே எடுத்த தண்ணீரில் எண்ணெயும் அரப்பும் இருந்தன.'

திங்கள் காலை எஞ்சினீயர் குதிரையில் வந்து இறங்கினார். ஆவி ஏறியிருந்தது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கண்ணாடியின் முன்னால் நின்றார். டிரைவரின் உதடு ஜெபம் சொல்வது போல அசைந்துகொண்டிருந்தது. மட்டம் பாதிக்குச் சற்று மேலே, கோடு கிழித்தது போல நின்றது. சோதனைக் குழாயைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் பீறிட்டது.

பிறகு புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"பார்க்காமலா எழுதினாய்?" என்றார் என்னிடம்.

"ஆமாம்" என்றேன்.

இனி படித்துறைக்கு மேலேதான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். நீக்கும் உத்தரவு ரத்து என்றார். உருளை ஓடும் நேரத்தில் ரைட்டர் அதை விட்டு நகரக்கூடாது என்றும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

அவர் மறைந்ததும் டிரைவர் கேட்டார். "அதுல என்னா எழுதியிருக்கு? ரெண்டு தடவ வாசிச்சாக."

என் முதல் வரியையும் அதன் கீழே எழுதியதையும் வாசித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

"கோயில்காரவுகன்னுல்ல நெனச்சேன்" என்றார். "போன வாரம் பூரா அவுகள வாய்க்கு வந்தபடி வஞ்சேன்."

நான் புத்தகத்தை மூடப் போனேன்.

"இப்பக் கண்ணாடியில எங்கன நிக்குது?"

குனிந்து பார்த்தேன். "பாதிக்கு மேல."

"அத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உருளையை நகர்த்தினார்.