குமுளியில் ஏழு ஐம்பது

காலை ஒன்பது இருபது. கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்துக் குலதெய்வக் கோயிலில் நான் முதலில் பார்த்தது மணைப்பலகையை. அதில் என் பெரியப்பா மகன் பட்டு வேட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இப்போது ஜிமிக்கி கேட்டு அடம்பிடிக்கிற என் மகளுக்கு அன்று பதினோரு மாதம். அவளுடைய தாய்மாமன், என் ஒரே தம்பி, துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தான். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

என் கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மைத்துனன் செய்ய வேண்டியதையெல்லாம் இதே பெரியப்பா மகன்தான் செய்தார். ஆல்பத்தில் என் தம்பி எங்குமே இல்லை. "காதுகுத்துக்கு என் மடிதான்க்கா, எழுதி வச்சுக்க" என்று அப்போதே போனில் சொல்லியிருந்தான்.

மதுரை விமானத்தில் இடமில்லாததால் கொச்சிக்கு டிக்கெட் எடுத்தான். துபாய்க்கும் கொச்சிக்கும் ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். இரவு பத்தரைக்குப் புறப்பாடு, அதிகாலை நான்குக்கு இறங்குகிறது. ஐந்தரை மணி நேரம் என்று வீட்டில் கழித்துப் பார்த்தார்கள். நாளிதழில் மெய்ப்புப் பார்ப்பவள் நான். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், பறப்பது நான்கு மணி நேரம்தான் என்று திருத்தினேன். கொச்சியிலிருந்து கோம்பைக்கு இருநூறு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நடுவில் மலை. அதற்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல்.

"உங்க தம்பி வானத்துலயே நின்னுட்டாகளா?" என்று நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தபோதே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, என் போன்ல சார்ஜ் இல்ல, இது டிரைவர் போன். குமுளிக்கு வந்தாச்சு. வாட்ச்ல ஏழு அம்பதுதான் ஆகுது. புட்டும் கடலையும் சொல்லிருக்கேன், சாப்ட்டு மெதுவா வர்றேன்."

"ஏலே, அது துபாய் மணிடா! இங்கன ஒம்பது இருவது!"

இணைப்பு அறுந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் பெரியப்பா மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடலைத் தாண்டுனவன் கடலைக்கறில மாட்டிக்கிட்டான்" என்றார். கோயிலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று மனதுக்குள் அவனோடு ஒவ்வோர் ஊராக இறங்கி வந்துகொண்டிருந்தேன்.

பத்தேகால் தாண்டியதும் பத்தர் ஊசியைத் துடைத்தார். "நேரம் போகுது, பிள்ளையத் தாங்கம்மா" என்றார். பெரியப்பா மகன் கையை நீட்டினார். நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஹாரன் சத்தம் கேட்டது. கேரளப் பதிவெண் கார் ஒன்று புழுதியோடு வந்தது. அது நிற்பதற்குள் தம்பி குதித்து, ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான்.

"தாய்மாமன் வந்துட்டாக!" என்று முதலில் கத்தியது நாத்தனார்தான். குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பெரியப்பா மகன் எழுந்தார். தன் இடுப்புத் துண்டை அவிழ்த்து, தம்பியின் ஜீன்ஸுக்கு மேலே கட்டிவிட்டார்.

"உக்காருடா, துபாய் மணி. என் மடி தப்பிச்சுச்சு."

தம்பி உட்கார்ந்தான். மகளை அவன் மடியில் வைத்தேன்.

பத்தர் இடது காதை முதலில் குத்தினார்.