முத்தல் வெண்டைக்காயில் பூத்த பூ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கரையான்சாவடியில் காய்கறி விற்கும் அக்காவிடம் அன்று அதைக் காட்டிவிட்டேன். அவர் அள்ளிப் போட்ட வெண்டைக்காய்களை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்தேன். ஒடியாதவற்றைக் கூடையிலேயே விட்டெறிந்து, "முத்தலை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். அவர் மீதியை நிறுத்துப் பையில் போட்டார்.

காய் சமையலுக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, துணிச் சாயத்தில் தொட்டு, குழந்தையின் வெள்ளைச் சட்டை ஓரத்தில் பூக்களாகப் பதிக்க நினைத்திருந்தேன். முதலில் பழைய துணியில் பதித்துப் பார்த்தேன். பிஞ்சின் கொழகொழப்பில் சாயம் வழிந்து, ஒரு பூவும் தேறவில்லை. பையில் எப்படியோ ஒரு முத்தல் தங்கியிருந்தது. வெறுப்போடு அதை வெட்டி அழுத்தினேன். ஐந்து இதழும் விதைப் புள்ளிகளுமாக, வரைந்தது போல் பூ விழுந்தது. நாலைந்து பூவுக்குள் அந்தக் காய் நைந்துபோனது.

மறுநாள் அக்கா முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா, இன்னிக்கும் சண்டையா?"

"இல்லக்கா. நேத்து பேசினதுக்கு மன்னிச்சிடுங்க. முத்தல்தான் வேணும்."

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். கூடையைக் கிளறி, கை நிறைய முத்தலாகவே பொறுக்கித் தந்தார். "கொயந்த பேரு இன்னா?" என்றும் கேட்டார்.

இன்றும் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒடியாத காய் கையில் பட்டால் ஞானஸ்நானத்தன்று குழந்தை போட்டிருந்த அந்தப் பூச்சட்டை நினைவுக்கு வருகிறது. வாய் தானாக மூடிக்கொள்கிறது.