அவள் சொல்லாத வரி

லிப்ட் மெக்கானிக் தகரப் பலகையை மேசைமேல் வைத்ததும் அவள் நூலை அறுக்காமல் பல்லில் பிடித்தபடியே பார்த்தாள். 'ஆள் உள்ளே. சுவிட்சைத் தொடாதே.' சிவப்பு எழுத்து பாதி உரிந்திருந்தது.

"என்னண்ணே இது?"

"அன்னிக்கு மாட்ட வேண்டிய போர்டு."

அவள் புருஷனும் அவரும் பதினோரு வருடம் ஒரே பையில் ஸ்பேனர் வைத்திருந்தவர்கள். லிப்ட் குழியின் சுவரோடு ஒட்டிக்கொண்டே ஏறி இறங்குவதால் அவனுக்குப் பல்லி என்று பேர். அவன் நசுங்கிச் செத்து ஒன்பது வருடம் ஆகிறது.

"அவன் குழில இறங்கிட்டான். நான் ஆறாவது மாடில, மெயின் சுவிட்சுகிட்ட. போர்டு மாட்டியாச்சான்னு கத்திக் கேட்டான். மாட்டிட்டேன்னேன். மாட்டல தங்கச்சி. பை கீழே கிடந்துச்சு. ஆறு மாடி எறங்கி ஏறச் சோம்பல். சுவிட்சைத்தான் அணைச்சிட்டோமேன்னு அந்தப் பக்கம் போயிட்டேன். அந்தக் கட்டிடத்து எலெக்ட்ரீஷியன் வந்து பாத்தான். போர்டு இல்ல. சுவிட்சைப் போட்டுட்டான்."

இறந்தவர் பலகை மாட்டாமல் இறங்கியதே காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து இவருடையது.

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவந்தார். அன்று காலையில் பாதிரியாருக்கே அலுத்துவிட்டது. "ஆண்டவர் எப்பவோ மன்னிக்கத் தயாரா இருக்காரு. நீங்க பாவத்தை மட்டும் சொல்லிட்டுப் போறீங்க. ஒரு நாளாவது பூசைல நன்மை அப்பம் வாங்க வந்தீங்களா? முதல்ல அந்தம்மா வீட்டுக்குப் போங்க" என்றார்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றார் மெக்கானிக்.

"எது?"

"கோயில்ல செபம் சொல்றப்ப, தீமை செஞ்சவங்களைப் பொறுக்குறோம்னு ஒரு வரி வருதுல்ல. அங்க மட்டும் நீ வாயை மூடிக்குவ. பின்வரிசைல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

அவள் நூலை அறுத்தாள். பட்டன் வைத்த சட்டையை மடித்து அடுக்கின்மேல் போட்டாள்.

"வாயை மூடினது உங்களை நெனைச்சு இல்ல. எம் புருஷனை நெனைச்சு."

மெக்கானிக்குக்குப் புரியவில்லை.

"வீட்டுப் பூட்டை மூணு தடவ இழுத்துப் பாக்குற மனுஷன். உசுரு விஷயத்துல மறந்துட்டாருன்னீங்க எல்லாரும். ரெண்டு புள்ளைங்களையும் என்னையும் நெனைக்காத அலட்சியம் பிடிச்ச ஆளுன்னு இத்தனை வருஷமாத் திட்டியிருக்கேன். கல்லறைப் பக்கம் ஒருதரம்கூடப் போகல." பலகையை விரலால் தள்ளினாள். "இப்ப நான் யார்கிட்ட மன்னிப்புக் கேக்குறது?"

அடிப்பாள், செருப்பைத் தூக்குவாள், வாசலில் நின்று ஊரைக் கூட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார்செய்து வந்திருந்தார். இதற்குத் தயாராக இல்லை. மேசை விளிம்பைப் பிடித்தார்.

"உக்காருங்க. நீங்க விழுந்தா உங்க எடைக்குத் தூக்க நாலு ஆளு வேணும்."

உட்கார்ந்தார்.

"பொறுத்துட்டேன்னு சொல்ல இப்ப வாய் வரல. ஆபீஸ்ல அவர்மேல தப்பில்லைன்னு திருத்தி எழுதிக் குடுங்க. வேலை போயிடுமா?"

"போகும். கேஸுகூட ஆகலாம்."

"ஆகட்டும். போர்டை இங்கயே வச்சிட்டுப் போங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வழக்கம்போல அவளுக்குப் பின்வரிசையில் இருந்தார். செபத்தில் அந்த வரி வந்தது. இந்தத் தடவை அவள் வாயை மூடாமல் சொன்னாள். 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற அடுத்த வரியைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு எழுந்துபோய்ப் பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்கினார். பூசை முடிந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் பக்கவாசல் வழியாகக் கல்லறைக்குப் போனாள். அவர் வீட்டுக்கு வந்து கோடு போட்ட தாளில் நடந்ததை எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டார். தாளை ஸ்பேனர் பையில், பலகை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.