மூக்குக்குக் காய்த்த காப்பு

உப்புப் போட்டு அடுக்கிய பச்சை ஆட்டுத் தோல், வெயில் ஏற ஏற, முதலில் புளித்த மோர் போலவும், பிறகு நனைந்த கோணி போலவும், உச்சி வேளையில் வேறு எதைப் போலவும் இல்லாமல் தனக்கே உரியதாகவும் ஒரு வாடையை விடும் என்று நான் எழுதுவது பிறர் சொல்லக் கேட்டுத்தான். ராயபுரத்தில் எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் இருந்த தோல் கிடங்குக்குச் சில வீடுகள் தள்ளிப் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வாடை ஒருநாளும் தெரிந்ததில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோள்பட்டை தடித்துக் கெட்டிப்படுவதைக் 'காப்பு காச்சிப்போச்சு' என்பார்கள். எங்கள் தெரு அந்தச் சொல்லை மூக்குக்கும் தாராளமாக வழங்கியிருந்தது. புதிதாகக் குடிவருகிறவர் முதல் நாள் சோறு இறங்காமல் 'பேஜாரா கீதே' என்பார்; பிறகு 'பரவால்ல' என்பார்; அப்புறம் 'பயகிடுச்சி'; கடைசியில் வாடையைப் பற்றிப் பேச்செடுத்தால் 'எந்தக் கப்பு?' என்று அவரே நம்மைத் திருப்பிக் கேட்கும் நாளில் அவருக்கு மூக்கு காப்பு காய்த்துவிட்டதாகத் தெரு ஏற்றுக்கொள்ளும். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் எத்தனையோ பேரின் தகுதிகாண் பருவத்தை முடித்துவைத்து நிரந்தரமாக்கிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எங்கள் தெருவின் நடைமுறை அளவுக்கு நேர்மையானதை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம். விருந்தாளிகளுக்கு மூக்கு காய்த்திருக்காது. அவர்கள் வரும் வேளையில் வாடை அடிக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெருவில் யாருக்கும் தகுதி கிடையாது. அதற்காக ஏற்பட்டதுதான் 'புது மூக்கு' இரவல் வாங்கும் வழக்கம். அண்மையில் தெருவுக்கு வந்தவர், சளி பிடிக்காதவர், பொடி போடாதவர் என்று பார்த்து ஒருவரை அழைத்துவந்து வாசலில் நிறுத்துவார்கள். அவர் முகம் சுளித்தால் சாம்பிராணி, ஊதுவத்தி, போதாவிட்டால் வெங்காய பஜ்ஜி என்று வரிசையாக ஏற்பாடுகள் நடக்கும்.

சுதந்திரம் வந்த புதிதில், ஒரு சித்திரை மாதம், என் அக்கா சரோஜாவைப் பெண் பார்க்க மாம்பலத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்தவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்; அவர்கள் ஜாதகத்தைப் பிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை, கைக்குட்டையைப் பிரித்ததைத்தான் பார்த்தோம். "இவங்களும் மூக்கைப் பொத்திக்கினு போனாங்கன்னா, இனிமே எவன் முன்னாலயும் காபித் தட்டு தூக்கமாட்டேன், சொல்ட்டேன்" என்று அக்கா அம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். வீடு நடுங்கியது.

ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, நாங்கள் கூப்பிடும் வழக்கப்படி நைனா, கடல்காற்று புறப்பட்டு வாடையை மேற்கே தள்ளிக்கொண்டு போகும் சாயங்கால வேளையாகப் பார்த்து அவர்களை வரச் சொல்லியிருந்தார். அன்று பார்த்துக் கடல்காற்று சுணங்கிவிட்டது. அம்மா பக்கத்து வீட்டுக் கதீஜாம்மாவிடம் ஓடினாள். அவர் வீட்டுக்கு மருமகள் மும்தாஜ் அந்த வாரம்தான் வந்திருந்தாள். அவளைவிடப் புது மூக்கு தெருவில் இல்லை. மும்தாஜ் எங்கள் வாசலில் நின்று முக்காட்டை விலக்கி, மேற்கே திரும்பி ஒரு மூச்சு, கிழக்கே திரும்பி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்து, "நல்ல காத்தாத்தானே வருது மாமி?" என்றாள். அம்மா சாம்பிராணித் தட்டைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள்.

ஜட்கா வந்து நின்றது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் இறங்கினார்கள். தாய்மாமன் கூடத்தில் கால் வைத்ததுமே அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு, "ஏதாவது செத்துக் கிடக்குதா இங்க?" என்றார். நைனா நடிக்கவில்லை; நிஜமாகவே பதறி, கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மரியாதைக்காக மூச்சை அடக்கி அடக்கி முகம் சிவந்துபோயிருந்தார்.

அம்மா பின்பக்கம் ஓடி, சுவரை எட்டிப்பார்த்துக் கேட்டாள்: "ஏம்மா மும்தாஜ், உனுக்குத் தாய் வூடு எந்த ஊரு?"

"வாணியம்பாடி, மாமி. எங்க வீட்டுப் பின்னாலயே வாப்பாவோட தோல் ஊறப்போடுற தொட்டிங்க."

எல்லாத் தகுதியையும் சரிபார்த்த தெரு, பிறந்த ஊரை மட்டும் கேட்க மறந்திருந்தது. அவள் எங்களுக்கெல்லாம் மூத்த காப்பு.

அதற்குள் அக்கா காபித் தட்டோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். பெண் தலைகுனிந்து நிற்க வேண்டும், கேட்டால் பாட வேண்டும், பேசக் கூடாது என்பதுதான் முறை. அவள் நிமிர்ந்து தாய்மாமனைப் பார்த்து, "தோல் கிடங்கு வாடைங்க. எங்களுக்குத் தெரியாது, மூக்கு காப்பு காச்சிப்போச்சு. நீங்களும் ஒரு வாரம் இருந்தீங்கன்னா காச்சிடும்" என்றாள்.

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் காபியை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"நாங்க இங்க குடித்தனம் வரப்போறதில்லம்மா, நீதான் அங்க வரணும். எங்க வீட்டுல வாடை கிடையாது. என் வாய்தான் இருக்கு. காலைல திறந்தா ராத்திரிதான் மூடும். இதோ நிக்கிறானே என் தம்பி, அதுக்குப் பயந்துதான் தனி வீடு பார்த்துக்கிட்டுப் போனான். நீ தாங்குவியா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "காதுக்குங்களா? பத்து நாள் டைம் குடுங்க" என்றாள்.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் காபி புரையேறியது. மாப்பிள்ளை அடக்கிவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார். வேறு வழியில்லாமல் அடுத்த மூச்சை ஆழமாக இழுத்து, கண்ணில் நீர் வர, சம்மதம் என்று தலையாட்டினார். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஆடிக்கு அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஜட்காவிலிருந்து இறங்கியவள், ஆரத்தி சுற்றக் காத்திருந்த அம்மாவின் எதிரில், தன்னை அறியாமல் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். வைத்த கையை உடனே இறக்கினாள். "இன்னாடி?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்லம்மா" என்றாள் அக்கா. கல்யாணத்தன்று அழாத அம்மா, தட்டைப் பிடித்தபடி அப்போதுதான் அழுதாள்.

அந்தக் கிடங்கு ஊருக்கு வெளியே போய்ப் பல காலம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வாடகைப் பலகையில் 'நல்ல காற்றோட்டம்' என்று எழுதியிருக்கிறது. காப்பு காய்ப்பதைப் பற்றிப் பேச அங்கே யாரும் இல்லை; அவரவர் அறையில் கதவைச் சாத்திக் குளிர்ச்சியாக இருக்கிறார்கள். சென்ற மாதம் அக்கா பார்க்க வேண்டும் என்றதால் ஆட்டோவில் அழைத்துப்போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தெருமுனையில் நின்று, மேற்கே பார்த்து, அந்த வயதில் முடிந்த அளவுக்கு மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். பிறகு, வைத்த இடத்தில் ஒரு பொருளைக் காணாதவளைப் போல என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடா, ஒண்ணுத்தையும் காணோம்?" என்றாள்.