ஹாலைச் சுற்றிப் போன புகைக்குழாய்

திருச்சியில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பைக் கட்டிய ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

அவர் கல்லூரியில் பௌதிகம் நடத்தினார். அம்மா மன்னார்புரம் வீட்டில் சவுக்கு விறகோடு மல்லுக்கட்டினாள். சமைத்துவிட்டு வெளியே வரும்போது அவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். "புகை தாங்கலீங்க" என்பாள். "பழகிடும்" என்பார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்தான். கடைசியில் கண் டாக்டர், "இனிமே புகையில உக்காந்தாங்கன்னா பார்வைக்கு நான் பொறுப்பில்ல சார்" என்று கடிந்துகொண்ட பிறகே அவருக்கு உறைத்தது.

உறைத்ததும் நேராக நூலகத்துக்குப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. குளிர் தேசத்துக்காரர் யாரோ எழுதிய அடுப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, அதிலிருந்த படத்தை அப்படியே கட்டினார். மூடிய களிமண் அடுப்பு, விறகு முழுதாக எரியக் காற்றுத் துவாரம், புகை வெளியேறத் தகரக் குழாய். நன்றாகக் காய்ந்த விறகைத்தான் வைக்க வேண்டும். அடுப்பங்கரையில் பொட்டுப் புகை இல்லை. அம்மா சந்தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆனால் அந்தப் படத்தில் குழாய் நேராக வெளியே போகவில்லை. சுவரைத் துளைத்து ஹாலுக்கு வந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனது. "வெப்பத்தை வீணாக்கலாமா?" என்றார் அப்பா. அப்போது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

விருந்தாளி வந்தால் காபி போட வேண்டும். காபி போட்டால் குழாய் காயும். விருந்தாளி குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பார். மரியாதை கூடக்கூடச் சூடும் கூடியது. காபி என்றால் தப்பித்துவிடலாம். பிரியாணி என்றால் ஆள் தேறுவது கஷ்டம்.

ஈஸ்டர் முடிந்து, பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். உள்ளே பிரியாணி வெந்துகொண்டிருந்தது. அவர் தெளித்த தீர்த்தம் குழாயில் பட்டுச் 'சுர்ர்' என்று ஆவியாகிப் போனது. சாமியார் ஓரடி பின்வாங்கினார்.

மணப்பாறையிலிருந்து முறுக்கோடு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கொதித்துப்போனாள். "தம்பி, இந்தக் கருமத்தப் பிடுங்கிப் போடு. பழைய அடுப்பே போதும். நாங்கெல்லாம் சமைக்கலயா?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பிடுங்கினா அடுப்போட சேத்துத்தான் பிடுங்குவேன். அரைகுறை டிசைன் எனக்கு ஆகாது."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. குழாய் போனால் அம்மாவின் கண் போகும். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது.

அம்மா வெளியே வந்தாள். யாரிடமும் வாதாடவில்லை. சாமியாருக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கினாள். "உள்ள வாங்க சாமி. சூடெல்லாம் குழாயோட இங்க வந்துடுது, அடுப்பங்கரையில காத்து நல்லா வருது."

அதுவரை எங்கள் அடுப்பங்கரையில் எந்த ஆண்பிள்ளையும் உட்கார்ந்ததில்லை. சாமியார் கிட்டத்தட்ட ஓடினார். பின்னாலேயே முறுக்கு டப்பாவோடு அத்தை. அப்பா மட்டும் குழாயடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வீம்பாக உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு நாற்காலிகள் ஹாலுக்குத் திரும்பவில்லை. அடுப்பங்கரையில் உட்காருகிறவர்கள் சும்மா உட்காரக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டாள். அப்பாவிடம் ஒரு முறம் சின்ன வெங்காயம் வந்தது. உரிக்க உரிக்கப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"என்ன இது, கண்ணு இப்படி எரியுது?" என்றார்.

"பழகிடும்" என்றாள் அம்மா, குழம்பிலிருந்து தலையை எடுக்காமல்.