மீன் தொட்டி இருந்த பக்கம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இனிமையாக இருக்கட்டும் என்று ஒரு சொல்லைக்கூடக் கூட்ட மாட்டேன். பத்தாம் வகுப்பில் நான் வைத்திருந்த நோட்டு இப்போது மடியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தத் திரையின் வாசனை...

பச்சைத் திரை. சாப்பிட்டவர்கள் கை துடைத்துத் துடைத்து ஓரம் மட்டும் கறுத்து விறைத்திருக்கும். பழைய சாம்பாரும் ஈரத்துணியும் கலந்த நெடி. அதற்குப் பின்னால்தான் ‘ஃபேமிலி ரூம்’. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்தால் வருமே, அந்த டிபன் கடையில் பெண்கள் உட்கார வேண்டிய இடம். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் கை கழுவும் தொட்டி, மறுபக்கம் சோடாப் பெட்டிகள்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கடையைப் பற்றி ஒரே உருக்கம்.

“மச்சான், அந்த மீன் தொட்டி ஞாபகம் இருக்கா?”

“டிவில மேட்ச் போடுவாங்களே!”

“நம்ம எல்லாரும் அங்கதானேடா வளந்தோம்!”

படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருமா? அந்தக் கடைக்கு அப்பா அம்மாவோடு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மீன் தொட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

சாப்பிடப் போகும் கடைக்கெல்லாம் மதிப்பெண் போட்டு எழுதுவது அப்போது என் பழக்கம். குரோம்பேட்டை ரவா தோசை, பல்லாவரம் ரோஸ் மில்க், எல்லாம் இந்த நோட்டில் இருக்கின்றன. இப்போது புரட்டினால் எல்லாக் கடையும் ஒரே கடை மாதிரி இருக்கிறது. திரை, சுவர், சுவரில் ஒரு பல்லி. நான் பார்த்தது அவ்வளவுதான்.

அந்த ஒரு நாள், எனக்கு முதன்முதலாகக் கண்ணாடி வந்த நாள். மார்க்கெட் பக்கத்துக் கடையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், வேப்பமரத்தில் தனித்தனியாக இலை தெரிகிறது! எதிர்ச்சாரி போர்டு, பஸ் நம்பர், சுவரொட்டியின் அடியில் இருக்கும் பொடி எழுத்து... ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

“போதும்டி, கண்டக்டர் மாதிரி கத்தாதே,” என்று அம்மா சிரித்தாள். “வா, ஃப்ரூட் சாலட் வாங்கித் தரேன்.”

“முன்னாடி ஹால்ல உக்காரலாமாம்மா? இன்னிக்கு ஒரு நாள். எல்லாத்தையும் பாக்கணும்.”

அம்மா என் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி, வா.”

சாயங்காலம். மழை மூட்டம் வேறு. ஹாலில் பாதி மேஜை காலி. மீன் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். தொட்டிக்குள் ஒரு சின்ன பல்பு, பச்சைப் பாசி, வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்கள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார்.

“அம்மா, ஃபேமிலி உள்ளம்மா.”

“ரெண்டு பேர்தானே, இங்கயே உக்காந்துக்கறோம்.”

“ஆம்பளைங்க வர்ற எடம்மா. சார் வரலையா?”

“சார் ஆபீஸ்ல இருக்கார். ஃப்ரூட் சாலட் சாப்பிட சார் எதுக்கு?”

பின்னாலிருந்த மேஜையில் சிரிப்பு. அதில் ஒருவர் என்னைக் காட்டி, “பாத்து பேசு நைனா. சோடாபுட்டி டீச்சரு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்துகீது!” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தப் பெரிய மனிதர்களுக்கு அன்று பொழுதுபோக்கு நாங்கள்தான்.

எனக்குக் காது சுட்டது. “உள்ள போயிடலாம்மா,” என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

“நீ மீனைப் பாரு,” என்றாள் அம்மா. சர்வரைக் கூப்பிட்டு, “ரெண்டு ஃப்ரூட் சாலட்,” என்றாள். குரல் உயரவே இல்லை.

எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போயும்விட்டார்கள். அப்புறம்தான் எங்களுக்கு வந்தது. உயரமான கண்ணாடித் தம்ளர், மேலே ஒரு செர்ரி. விட்ட இடத்திலிருந்து மீனை எண்ணிக்கொண்டே முதல் ஸ்பூன் வாயில் வைத்தேன்...

சட்டென்று எங்கள் மேஜைக்கு மேலிருந்த டியூப்லைட் அணைந்தது. ஃபேன் நின்றது. தொட்டியின் பல்பும் போய்விட்டது. பின் மேஜையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. கல்லாக்காரர் சுவிட்சுப் பலகையிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

“உள்ள லைட்டு நல்லா எரியுதும்மா,” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“சாப்பிடு. இருட்டுல வாய்க்கு வழி தெரியாதா?”

சாப்பிட்டோம். அவசரப்படாமல், அடியில் இருந்த கடைசித் திராட்சை வரைக்கும். அம்மா தம்ளரைச் சுரண்டிய சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நாங்கள் போகவில்லை. அப்பா காரணம் கேட்டதற்கு அம்மா, “அங்க வெளிச்சம் பத்தலை,” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அந்த இடத்தில் செல்ஃபோன் கடை. என் பெண் மேடவாக்கத்திலோ வேளச்சேரியிலோ எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், வாசலுக்கு நேரான மேஜையில் பையைப் போட்டுவிட்டு, சார்ஜர் செருக இடம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறாள். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு ஃப்ரூட் சாலட் எங்கேயும் கிடைப்பதில்லை... என் கோபத்தில் பாதி அதற்காகத்தான். அவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்த கடைக்கு, அதை எங்களுக்கு மரியாதையாகக் கொடுக்கத் தெரியவில்லை.

தொட்டியில் எத்தனை மீன் இருந்தது என்று குரூப்பில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

‘ஃப்ரூட் சாலட்: பத்துக்குப் பத்து. மீன்கள்: கறுப்பு இரண்டு, ஆரஞ்சு ஐந்து. பாக்கியை எண்ணுவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.’